வீட்டில் குவியும் ஆன்லைன் பெட்டிகள்: அதிலேயே மறுபடி பார்சல் அனுப்பலாமா? எதையெல்லாம் கவனிக்கணும்?

வாட்ஸ்அப் குரூப்பில் சேலை விற்பவர், இன்ஸ்டாகிராமில் மண்பாத்திரம் விற்பவர், படித்து முடித்த புத்தகங்களை ஆன்லைனில் கைமாற்றி விடுபவர்... இவர்கள் எல்லோர் வீட்டிலும் பரண் மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ ஒரு குவியல் கட்டாயம் இருக்கும். ஆன்லைனில் வாங்கிய சாமான்கள் வந்த அட்டைப்பெட்டிகள்! "நல்ல பெட்டி, தூக்கிப் போட மனசு வரல. ஆர்டர் வந்தா இதுலயே பேக் பண்ணி அனுப்பிடலாம்" என்று எடுத்து வைத்தவை.

அப்படி அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம். ஒரு அட்டைப்பெட்டி ஒரே ஒரு பயணத்தோடு செத்துப்போவதில்லை. ஆனால் பழைய பெட்டியில் பார்சல் போடும் பலரும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, பெட்டியின் பலத்தைப் பார்க்காமல் நம்பிவிடுவது. இன்னொன்று, அதில் ஒட்டியிருக்கும் பழைய லேபிளை மறந்துவிடுவது. முதல் தப்பில் பொருள் உடையும். இரண்டாவது தப்பில் யாரோ ஒருவரின் பெயர், வீட்டு முகவரி, மொபைல் நம்பர் எல்லாம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்ச் சேரும்.

இதில் எவ்வளவு மிச்சமாகும்?

வீட்டிலிருந்து விற்பவருக்கு லாபமே பொருளுக்கு ஐம்பதோ நூறோதான். ஒரு புதுப் பெட்டி 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 பார்சல் போனால் பெட்டிக்கு மட்டும் 1,500 ரூபாய். டேப், பபுள் ரேப் எல்லாம் தனிக் கணக்கு. எனவே பழைய பெட்டியைப் பயன்படுத்துவது கஞ்சத்தனம் இல்லை, சின்ன வியாபாரத்தின் நியாயமான கணக்கு.

ஆனால் இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 400 ரூபாய் மண்சட்டி ஒன்று உடைந்து போய்ச் சேர்ந்தால், பொருளின் விலை போச்சு, அனுப்பிய கூரியர் கட்டணம் போச்சு, மாற்றுப் பொருள் அனுப்ப இன்னொரு கட்டணம். 15 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 600 ரூபாய் கைவிட்டுப் போகும். அதனால் எந்தப் பெட்டியைத் திரும்ப எடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பெட்டி தேறும்?

அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இரண்டு தட்டையான காகிதங்களுக்கு நடுவில் அலை அலையாக ஒரு காகிதம் தெரியும். இதைத்தான் பெட்டிக் கடைக்காரர்கள் '3 பிளை' என்கிறார்கள். இரண்டு அலை வரிசை இருந்தால் '5 பிளை'. சேலை, சுடிதார், சின்ன பொம்மை போன்றவற்றுக்கு 3 பிளை போதும். புத்தகக் கட்டு, பித்தளைச் சாமான், மண்பாத்திரம் என்றால் 5 பிளை தேடுங்கள். மிக்ஸி, குக்கர் மாதிரி கனமான பொருள்கள் வந்த பெட்டிகளில் பெரும்பாலும் அது கிடைக்கும்.

பெட்டியின் பலம் முழுக்க அந்த அலையில்தான் இருக்கிறது. அலைகள் செங்குத்தாக, தூண் வரிசை மாதிரி நிற்கும்போதுதான் மேலே வைக்கும் பாரத்தைத் தாங்கும். பெட்டியைப் படுக்கப் போட்டுப் பேக் செய்தால் அதே பெட்டி சீக்கிரம் நசுங்கும். லேபிள் ஒட்டும்போதும் இதை மனதில் வைத்து, அலைகள் மேலும் கீழுமாக நிற்கும் நிலையில் எது மேல் பக்கமோ அங்கே ஒட்டுவது நல்லது.

அலை நசுங்கிவிட்டால் அந்த இடத்தில் பலம் போய்விட்டது என்று அர்த்தம். இஸ்திரி போட்டாலும் திரும்ப வராது. எனவே பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் நாலு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குபவை மூலைகள்தான். அழுத்தினால் விறைப்பாக எதிர்த்து நின்றால் சரி. பொதபொதவென்று உள்ளே போனால் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பலாம். பக்கச் சுவரில் குறுக்காக மடிப்பு விழுந்த பெட்டி, கைப்பிடி ஓட்டை கிழிந்த பெட்டி, மூடும் மடல் பாதி பிய்ந்த பெட்டி, இவையும் தேறாது. பின் அடித்த பெட்டியாக இருந்தால் பின் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று உள்பக்கம் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு பின் போதும், பட்டுச் சேலையில் இழை இழுத்துவிடும்.

அடுத்த எதிரி ஈரம். அட்டை என்பது காகிதம். காற்றிலிருக்கும் ஈரத்தையே அது உறிஞ்சும். புழுக்கம் உச்சத்தில் இருக்கும் நாட்களில், ஒரு துளி மழை படாமலேயே பெட்டியின் தாங்கும் பலம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிடும். தமிழ்நாட்டில் இது சும்மா சொல்லும் விஷயம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதே நேரத்தில்தான் தீபாவளி விற்பனை, அதே நேரத்தில்தான் கூரியர் குடோன்களில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிவைக்கும் நெருக்கடி. மொட்டைமாடி ஷெட்டிலும் குளியலறை பக்கத்துச் சுவர் ஓரத்திலும் நாலு மாதம் கிடந்த பெட்டியை அந்தச் சமயத்தில் எடுத்தால் ஏமாற்றும்.

தண்ணீர்க் கறை, எண்ணெய்க் கறை, பூஞ்சை வாடை, இந்த மூன்றில் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு, சொல்ல அருவருப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: கரப்பான். அட்டையின் அலை இடுக்குகள் அதற்குப் பிடித்த வீடு. பெட்டியைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, ஓங்கி இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பேக் செய்யுங்கள். பார்சலைத் திறந்ததும் கரப்பான் ஓடினால், உள்ளே எவ்வளவு நல்ல பொருள் இருந்தாலும் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

பெட்டியை விரித்துத் தட்டையாக்கி, தரையில் படாமல் நிறுத்தி வைப்பதுதான் சரியான சேமிப்பு. இடமும் மிச்சம்.

தொப்பிக்காக வந்த அட்டை

இந்த அலை அட்டைக்கு ஒரு சுவாரசியமான பின்னணி உண்டு. 1856-ல் இங்கிலாந்தில் இதற்கு முதல் காப்புரிமை வாங்கியபோது நோக்கம் பெட்டியே இல்லை. உயரமான ஆண்கள் தொப்பிக்கு உள்ளே வைக்கும் பட்டைதான். 1871-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர்தான் பாட்டில்களையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றி அனுப்ப இதைப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றார். பபுள் ரேப் கதையும் இதே மாதிரிதான். 1957-ல் ஆல்ஃப்ரெட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் வால்பேப்பர் செய்யப்போய், அது எடுபடாமல், கடைசியில் கம்ப்யூட்டர் அனுப்பும் உறையாக மாறியது. ஒரு வேலைக்கு வந்த பொருளை இன்னொரு வேலைக்கு எடுத்துக்கொள்வது பேக்கிங் தொழிலுக்குப் புதிதில்லை.

பழைய லேபிளை என்ன செய்வது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பெயர், கதவு எண் வரை முழு முகவரி, பின்கோடு, ஆர்டர் எண் எல்லாம் இருக்கும். பல லேபிள்களில் மொபைல் எண்ணும் இருக்கும். பக்கத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் பில் இருந்தால், என்ன பொருள், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதும் தெரிந்துவிடும். "உங்க ஆர்டர்ல ஒரு பிரச்சினை, இந்த லிங்கைத் தொடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று டெலிவரி நிறுவனத்தின் பெயரில் பேசும் மோசடிக்காரருக்கு இவ்வளவு போதும். ஆர்டர் எண்ணையும் பொருளின் பெயரையும் சரியாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

நீங்கள் விற்பனையாளர் என்றால் ஆபத்து உங்களோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடமும், அலுவலக நண்பரிடமும் பெட்டி வாங்கி வைத்திருப்பீர்கள். அவர்களின் நம்பர் உங்கள் வாடிக்கையாளர் கைக்குப் போகும். ரிட்டர்ன் வந்த பெட்டியை மறுபடி எடுத்தால், ஒரு வாடிக்கையாளரின் முகவரி இன்னொரு வாடிக்கையாளருக்குப் போகும். உங்களை நம்பி முகவரி கொடுத்தவர் அவர்.

வியாபார ரீதியாகவும் இது வில்லங்கம். கூரியர் மையங்களில் பெரும்பாலும் பார்கோடு ஸ்கேன் செய்துதான் பார்சல் எந்த ஊருக்கு என்று பிரிக்கிறார்கள். ஒரே பெட்டியில் இரண்டு பார்கோடு இருந்தால், ஸ்கேனர் பழையதைப் படித்துவிட வாய்ப்பு உண்டு. மதுரைக்குப் போக வேண்டிய பார்சல் சுற்றிச் சுற்றி எங்கோ நிற்கும்.

சரி, எப்படி நீக்குவது? மேலேயே புது லேபிளை ஒட்டுவது ஸ்கேனருக்குப் போதும். ஆனால் மேல் லேபிளை உரித்தால் கீழே பழையது பத்திரமாக இருக்கும். மார்க்கர் பேனாவால் அடிப்பதும் முழுத் தீர்வு இல்லை. சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும், பார்கோடை மை வழியாகவே சில ஸ்கேனர்கள் படித்துவிடவும் கூடும். வெறுங்கையால் வலுக்கட்டாயமாக உரித்தால் அட்டையின் மேல் தாளும் சேர்ந்து பிய்ந்து, அந்த இடம் பலவீனமாகும். தண்ணீர் தொட்டு ஊறவைப்பதோ அட்டையையே கெடுக்கும்.

எளிய வழி ஹேர் டிரையர். கூரியர் லேபிள்களில் பெரும்பாலானவை பஸ் டிக்கெட், ஏடிஎம் ரசீது மாதிரி வெப்பத்தில் அச்சாகும் தெர்மல் காகிதம். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல்தான். இதன் மேல் சூடான காற்றைக் காட்டினால் முழு லேபிளும் கறுத்து, எழுத்தும் பார்கோடும் க்யூஆர் கோடும் படிக்கவே முடியாமல் போய்விடும். கூடவே பசையும் இளகுவதால், ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் அட்டை கிழியாமல் வரும். கறுக்காத லேபிள் என்றால் உரித்து, பெயர், நம்பர் இருக்கும் பகுதியைத் துண்டு துண்டாகக் கிழித்துவிட வேண்டியதுதான்.

விற்பனையே செய்யாதவர்களும் பழைய பேப்பர் கடைக்குப் பெட்டியைப் போடும் முன் இதைச் செய்வது நல்லது. டெலிவரி பெயரில் யாராவது பேசி, பணத்தை இழந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930.

இலவசப் பெட்டி, இரட்டிப்புக் கட்டணம்!

பழைய பெட்டி சும்மா கிடைத்தது என்று சந்தோஷப்படுபவர்கள் கூரியர் ஆபீஸில் பில்லைப் பார்த்துத் திகைப்பது உண்டு. காரணம், கன அளவு எடை. பார்சலின் எடையை மட்டும் பார்க்காமல், வாகனத்தில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் கணக்குப் போட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்கும் முறை இது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுப்பது பல கூரியர் நிறுவனங்களின் வழக்கம்.

ஒரு பருத்திச் சேலை, 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைத்த 30 × 25 × 15 செ.மீ. பெட்டியில் போட்டால், 11,250-ஐ 5,000-ஆல் வகுக்க, 2.25 கிலோ. அதாவது 600 கிராம் சேலைக்கு 2.25 கிலோவுக்கான கட்டணம். அதே பெட்டியின் உயரத்தை 5 செ.மீ. ஆகக் குறைத்தால் 0.75 கிலோதான் வரும்.

உயரத்தைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. பொருளை உள்ளே வைத்து, எந்த உயரம் போதும் என்று நாலு பக்கமும் கோடு போடுங்கள். நாலு மூலைகளையும் மேலிருந்து அந்தக் கோடு வரை கத்தியால் கீறி இறக்குங்கள். ஸ்கேல் வைத்து, கோட்டின் மேல் மூடிய பேனாவால் அழுத்தி இழுத்தால் மடிப்பு சுத்தமாக விழும். மடல்களை உள்பக்கமாக மடக்கினால் புது மூடி ரெடி. நீளமாக மிஞ்சும் பகுதியை வெட்டி எடுத்து, அதையே உள்ளே தடுப்பாக வைக்கலாம். சேலை, சட்டை மாதிரி உடையாத பொருளுக்குப் பெட்டியே வேண்டாம், கூரியர் கவர் போதும். வந்த கவரை ஒரு ஓரமாக மட்டும் வெட்டித் திறந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பினால் மறுபடி பயன்படும். ஆனால் அதில் பழைய ஒட்டும் பசை வேலை செய்யாது, மடித்து டேப் போட வேண்டும்.

உள்ளே என்ன அடைப்பது?

மானாமதுரை மண்பானையோ தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையோ அனுப்புவதாக இருந்தால், பெட்டியை விட உள்ளே அடைப்பதுதான் முக்கியம். பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும், அந்த இடைவெளி முழுக்க நிரம்பியும் இருக்க வேண்டும். பொருள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், வெளியே விழும் அடி நேராகப் பொருளில்தான் விழும்.

பழைய பபுள் ரேப் குமிழி உடையாத வரை நன்றாக வேலை செய்யும். குமிழிப் பக்கம் பொருளைத் தொடும்படி சுற்றுங்கள். அடுத்தது, பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில் பபுள் ரேப்புக்குப் பதிலாக வரும் சுருட்டிய பழுப்புக் காகிதம். ஆன்லைன் நிறுவனங்கள் பேக்கிங்கில் அளவுக்கு மீறி பிளாஸ்டிக் பயன்படுத்துவதாக 2019-ல் 16 வயது மாணவர் ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார். தங்கள் கிடங்குகளிலிருந்து போகும் பேக்கிங்கில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை நீக்கிவிட்டதாக அமேசான் இந்தியா 2020-லும் ஃப்ளிப்கார்ட் 2021-லும் அறிவித்தன. அதன் பிறகுதான் இந்தக் காகிதம் வீடுகளில் அதிகம் சேர ஆரம்பித்தது. கசக்கியதை விரித்து மறுபடி கசக்கினால் இன்னும் இரண்டு மூன்று பயணம் தாங்கும்.

செய்தித்தாள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். கசக்கிப் பந்தாக்கி இடைவெளியில் அடைக்க நல்லது. ஆனால் நேராகப் பொருளின் மேல் சுற்றினால் அச்சு மை ஒட்டும். வெளிர் நிறச் சேலையிலும் சுடுமண் சிற்பத்திலும் ஒட்டிய மை எளிதில் போகாது. நடுவில் ஒரு வெள்ளைத் தாளோ பழைய பருத்தித் துணியோ இருக்கட்டும். டிவி, மிக்ஸி பெட்டிகளில் வரும் தெர்மாகோலை உதிர்க்காமல் கட்டியாகவே வெட்டி மூலைகளுக்கு வைக்கலாம். உதிர்த்தால் அந்த வெள்ளை மணிகள் வாங்கியவர் வீட்டுத் தரை முழுக்க ஒட்டிக்கொள்ளும், திட்டு உங்களுக்குத்தான். முட்டை அட்டை அகல் விளக்குகளுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தும். தின்பண்டம் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

பானைக்குள்ளேயும் காகிதம் அடைக்க மறக்காதீர்கள். வெற்றிடமாக இருந்தால் சுவர் உள்பக்கமாக நொறுங்கும். மூடி தனியாகச் சுற்றப்பட வேண்டும்.

கட்டி முடித்ததும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது அசையும் சத்தம் கேட்டால் மறுபடி திறந்து அடைக்க வேண்டியதுதான். கொஞ்சம் தைரியம் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. பேக்கிங்கைச் சோதிக்க உலக அளவில் தரம் வகுக்கும் இஸ்டா அமைப்பின் அடிப்படைச் சோதனை ஒன்றில், எடை குறைந்த பார்சலைச் சுமார் 76 செ.மீ. உயரத்திலிருந்து 10 முறை போடுகிறார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கங்கள். சாப்பாட்டு மேஜையின் உயரம்தான் அது. விற்க முடியாத, லேசாகக் கீறல் விழுந்த பானை ஒன்றைப் பழைய பெட்டியில் கட்டி இப்படிப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேக்கிங் எங்கே தோற்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

டேப் விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய டேப்பின் மேலோ தூசியின் மேலோ புது டேப் ஒட்டாது. துடைத்துவிட்டு, 2 இஞ்ச் பழுப்பு டேப்பை நடு இணைப்பிலும் இரண்டு ஓர இணைப்புகளிலும் ஓட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்து படுத்திருப்பது மாதிரி தெரியும். அடிப்பக்கத்துக்கும் இதேதான். ஸ்டேஷனரி கடை செல்லோ டேப் இதற்கு ஆகாது. அந்தக் காலத்தில் பார்சலைத் துணியில் தைத்து, சணல் கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைத்து தபால் ஆபீஸுக்கு எடுத்துப்போவார்கள். இப்போது கயிறு கட்டினால் கன்வேயர் பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும்.

பெட்டியில் வேறு கம்பெனி பெயர் இருந்தால்?

பழைய பெட்டியில் ஆன்லைன் நிறுவனத்தின் பெயர் அச்சான டேப் இருந்தால் உரித்துவிடுங்கள். அந்த நிறுவனமே விற்றதாக வாங்குபவர் நினைத்துவிடக் கூடாது. மார்க்கெட்பிளேஸ் தளங்கள் வழியாக விற்பவர்கள் அந்தந்தத் தளத்தின் பேக்கிங் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் அவசியம். செல்போன், லேப்டாப் படம் போட்ட பெட்டி என்றால் இன்னொரு சிக்கல். உள்ளே முறுக்கு இருந்தாலும் வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு அது செல்போன்தான். வழியில் காணாமல் போகிற பார்சலாக அதை நாமே ஆக்கக் கூடாது.

எச்சரிக்கைச் சின்னங்கள் இதைவிட முக்கியம். பேட்டரி உள்ள பொருள்கள் வந்த பெட்டியில் சிவப்புக் கோடு போட்ட ஓரத்தோடு, 'யு.என். 3481' போன்ற எண்ணுடன் ஒரு சின்னம் இருக்கும். லித்தியம் பேட்டரி உள்ளே இருக்கிறது என்று விமானச் சரக்குப் பிரிவுக்குச் சொல்லும் அடையாளம் அது. அதை மறைக்காமல் சேலை அனுப்பினால், பேட்டரி என்று நினைத்து பார்சலை நிறுத்திவைக்கக் கூடும். பட்டாசுப் பெட்டிகள் வேண்டவே வேண்டாம். வெடிபொருள்களைத் தபாலில் அனுப்பத் தடை இருக்கிறது, சந்தேகத்துக்கு இடம் தருவானேன்? மருந்து, பூச்சிக்கொல்லி, அமிலம் வந்த பெட்டிகளும் அப்படித்தான். மதுபான அட்டைப்பெட்டி 5 பிளை, பாட்டில் தடுப்புகள் எல்லாம் இருக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்... ஆனால் அதில் கொலு பொம்மை அனுப்பினால் வாங்குபவர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதையும் யோசிக்கணும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வழி, பெட்டியைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்புவது. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பசை போட்டோ பின் அடித்தோ ஒட்டியிருக்கும். அந்த இணைப்பை மெதுவாகப் பிரித்து, மடிப்புகளை எதிர்த் திசையில் மடக்கி, பசை வைத்து மறுபடி ஒட்டினால் எழுத்தே இல்லாத சுத்தமான பழுப்புப் பெட்டி கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. திருப்பிவிட்டோம் என்பதற்காகப் பழைய லேபிளை உள்ளேயே விட்டுவிட்டால், வாங்குபவர் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான்.

தின்பண்டம் விற்பவர்களுக்கு விதி வேறு

மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய், வீட்டில் அரைத்த மசாலாப் பொடி என்று விற்பவர்கள் வெளிப்பெட்டிக்குப் பழையதைப் பயன்படுத்தலாம். ஆனால் உணவைத் தொடும் உள் பேக்கிங் புதிதாக, உணவுக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். உணவைச் செய்தித்தாளில் சுற்றவோ வைக்கவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு பேக்கேஜிங் ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. சோப்பு, ஊதுபத்தி, பினாயில் வந்த பெட்டியை வெளிப்பெட்டியாகக்கூட எடுக்காதீர்கள். அட்டை வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முறுக்கு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வெளிநாட்டுக்கு அனுப்பினால்?

இங்கே மறுபயன்பாடு கொஞ்சம் அடங்கித்தான் நடக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும்போது வைக்கோல் அடைக்கக் கூடாது, பழம், காய்கறி, இறைச்சி, முட்டை வந்த பெட்டிகளையும் பயன்படுத்தக் கூடாது. அவற்றோடு பூச்சியும் நோயும் உள்ளே வந்துவிடும் என்பதுதான் பயம். கனமான சிலைகளுக்கு மரச்சட்டம் அடிப்பவர்கள், பெரும்பாலான நாடுகளுக்கு, மரத்தின் மையப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரை போன்றவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். பழைய பலகையை எடுத்து ஆணி அடித்து அனுப்பினால் துறைமுகத்திலேயே நிற்கும்.

பழைய பெட்டியில் அனுப்பி உடைந்தால் இழப்பீடு கிடைக்குமா?

'பேக்கிங் போதாது' என்பது இழப்பீட்டை மறுக்க கூரியர் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் ஒன்று. பழைய பெட்டி என்றால் அந்த வாதத்துக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. எனவே பொருளைச் சுற்றும்போது ஒரு போட்டோ, இடைவெளி அடைத்தபின் ஒன்று, டேப் போட்டு முடித்ததும் லேபிளோடு ஒன்று என எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த பொருள், திரும்பச் செய்ய முடியாத கைவினைப் பொருள் என்றால் புதுப் பெட்டியே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்க முடியாது.

வாங்குபவர் முகம் சுளித்தால்?

சிலருக்குப் பழைய பெட்டியைப் பார்த்ததும் "பழைய பொருளை அனுப்பிட்டாங்களோ" என்று சந்தேகம் வரும். கல்யாணப் பரிசு, பிறந்தநாள் பரிசு என்று சொல்லி வாங்கியிருந்தால் அந்த எரிச்சல் நியாயமும்கூட. அப்படிப்பட்ட ஆர்டர்களுக்குப் புதுப் பெட்டி போடுவது நல்லது. மற்ற ஆர்டர்களுக்கு, பேக்கிங்கை மறுபடி பயன்படுத்துவதை விற்பனைப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம். உள்ளே ஒரு சின்னத் துண்டுச் சீட்டு: 'இந்தப் பெட்டி மறுபயன்பாட்டுப் பெட்டி. பொருள் புதியது. நீங்களும் இதை இன்னொருவருக்கு அனுப்பப் பயன்படுத்தலாம்.' சொல்லாமல் அனுப்பினால்தான் கேள்வி வருகிறது.

கடைசியில் எதற்கும் தேறாத பெட்டிகள் எப்படியும் கொஞ்சம் மிஞ்சும். டேப்பையும் பின்னையும் லேபிளையும் எடுத்துவிட்டு, ஈரம் படாமல் கட்டி, பழைய பேப்பர் கடையில் போடலாம். காகித நாரைப் பொதுவாக 5 முதல் 7 முறை வரை மறுசுழற்சி செய்யலாம் என்கிறார்கள். எண்ணெய் ஊறிய அட்டையை மட்டும் கடைக்காரர் எடுக்கமாட்டார், அதைத் துண்டாக்கி மாடித்தோட்டத்து உரக்குழியில் போட்டுவிடலாம்.